நடிப்புப் படிக்க எங்கே போவது: கூத்துப்பட்டறையா, டெல்லியா, சிங்கப்பூரா, லண்டனா?

மாதத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். போன மாதம் கேட்டவர் மதுரைப் பக்கம். பொறியியல் முடித்தவர், கல்லூரி நாடகங்களில் நடித்திருக்கிறார், லண்டனில் ஒரு பள்ளியில் ஓராண்டு முதுகலை நடிப்புப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. "போகட்டுமா அண்ணே? அப்பா நிலத்தை வித்துத் தர்றேன்னு சொல்றாரு." நிலம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

நான் பெரிய நடிகன் ஒன்றும் கிடையாது. சென்னையில் பன்னிரண்டு வருடம் மேடை, நடுவில் சில படங்களில் தலைகாட்டியது, இப்போது படங்களுக்கு நடிகர் தேர்வு வேலை. ஆகவே எந்தப் பள்ளி நடிப்பை நன்றாகச் சொல்லித்தருகிறது என்பதைவிட, படித்துவிட்டு வந்தவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு அதிகம் தெரியும்.

எதை வைத்து அளப்பது

பெரும்பாலானவர்கள் பள்ளியின் பெயரில் ஆரம்பிக்கிறார்கள். அங்கே படித்த நட்சத்திரங்களை வரிசையாகச் சொல்கிறார்கள். அதே வகுப்பில் படித்துக் காணாமல் போனவர்களின் பெயர் எந்த வரிசையிலும் வராது, அதனால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

முதலாவது மொழி. எந்த மொழியில் சம்பாதிக்கப் போகிறீர்கள்? தமிழ்ப் படம் என்றால் நெல்லை வழக்கும் வடசென்னை வழக்கும் நாக்கில் வர வேண்டும். டப்பிங் தியேட்டர் இருட்டில் நின்றுகொண்டு, மூன்று மாதத்துக்கு முன்னால் அழுத அழுகையை உதட்டசைவுக்குச் சரியாகத் திரும்ப அழ வேண்டும். இதை லண்டனில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள், டெல்லியிலும் மாட்டார்கள்.

இரண்டாவது மொத்தச் செலவு. கல்விக் கட்டணம் மட்டும் என்று எண்ணாதீர்கள். வாடகை, விசா, படிக்கும் காலத்தில் வராமல் போகும் சம்பளம், திரும்பி வந்து ஒரு வேடம் கிடைக்கும்வரை சாப்பிட ஆகும் பணம், எல்லாம் சேர்த்துத்தான்.

மூன்றாவதை யாருமே கேட்பதில்லை: படிப்பு முடிந்த மறுநாள் காலையில் அந்த நாட்டில் நடித்துக் காசு வாங்க உங்களுக்கு அனுமதி உண்டா? நான்காவது, மேடைக்கான பயிற்சியா, கேமராவுக்கானதா. ஐந்தாவது, கூடப் படிக்கிறவர்கள். அடுத்த இருபது வருடத்துக்கு உங்களுக்கு வேலை கொடுக்கப் போவது ஆசிரியர்களைவிட அவர்கள்தான், அவர்கள் எந்த ஊரில் குடியேறுவார்கள் என்பதையும் யோசியுங்கள்.

1. ஊரிலேயே: கூத்துப்பட்டறை, ஆதிசக்தி, புதுவை

நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக்குழுவைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் நடிப்புப் பயிற்சியைப் பேச முடியாது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள். துபாயில் கணக்கு வேலை பார்த்துத் திரும்பிய விஜய் சேதுபதி, அங்கே கணக்காளராகச் சேர்ந்து நடிகர்களைப் பார்த்தே கற்றுக்கொண்ட கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்தக் கதையில் எல்லாரும் தவறவிடும் ஒன்று உண்டு. அன்றைக்கு ஃபோர்டு அறக்கட்டளை நிதியில் நடிகர்கள் முழுநேரமாக, வருடக்கணக்கில், சம்பளம் வாங்கிக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை உடம்பையும் குரலையும் பழக்கினார்கள். அந்தக் காலஅளவுதான் பசுபதியை உண்டாக்கியது. முத்துசாமி 2018-ல் மறைந்துவிட்டார். இன்றைக்கு நகரத்தில் எந்த இடத்திலாவது நீங்கள் போய்ச் சேரும் மூன்று மாத, ஆறு மாத வகுப்பில் அதே பலனை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில், ஆரோவில் சாலையில் ஆதிசக்தி நாடகக்குழு. வீணாபாணி சாவ்லா மும்பையில் 1981-ல் தொடங்கி, பிறகு இங்கே கொண்டுவந்தது. அவர் 2014-ல் காலமானார், இப்போது வினய் குமார் நடத்துகிறார். கேரளத்தின் மரபு நாடகமான கூடியாட்டத்தின் மூச்சுப் பயிற்சி, களரிச் சண்டைக்கலை இரண்டையும் வைத்து, உணர்ச்சி மூச்சில் எப்படிப் பிறக்கிறது என்று உடம்பிலேயே காட்டித்தருவார்கள். அங்கேயே தங்கிச் செய்யும் சில நாள் பட்டறைதான், ஆனாலும் சினிமாவில் ஏற்கெனவே பேர் வாங்கியவர்கள்கூட வந்து தரையில் புரள்கிறார்கள். என்னைக் கேட்டால், வேறு எந்த முடிவும் எடுக்கும் முன்னால் இந்த மாதிரி ஒன்றைச் செய்துவிடுங்கள். உங்களுக்கு நடிப்பு பிடிக்கிறதா அல்லது நடிகனாக இருப்பது பிடிக்கிறதா என்பது நான்காம் நாள் காலை ஆறு மணிக்குத் தெரிந்துவிடும்.

புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி முன்னின்று தொடங்கியது. அரசுக் கட்டணம், முதுகலைப் பட்டம், பின்னாளில் ஆசிரியர் வேலைக்கு உதவும். அப்பா அம்மாவைச் சமாதானப்படுத்தவும் உதவும், அதுவும் ஒரு பயன்தான்.

அப்புறம் ஒரு விஷயம். பிரான்சின் புகழ்பெற்ற நாடகக்குழு தியேத்ர் து சொலெய், அரியான் முனூஷ்கின் நடத்துவது, 2016-ல் இந்தியாவை வைத்து ஒரு நாடகம் செய்தது. அதற்காக அந்தக் குழுவின் நடிகர்கள் தெருக்கூத்துக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான், நம்ம திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை கிராமத்துக்காரர். அதே குழுவில் வேலை செய்த குமரன் வளவன் பாண்டிச்சேரியில் இந்தியநோஸ்த்ரம் என்ற குழுவை நடத்துகிறார். பாரிஸ்காரர்கள் இங்கே வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள், நாம் பாரிசுக்குப் போக நிலம் விற்கிறோம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மறைந்திருக்கும் செலவு என்ன? சென்னை வாடகை ஒன்று. இன்னொன்று, ஊரிலேயே இருப்பதால் வரும் சோம்பல்: "அடுத்த வாரம் போயிக்கலாம்" என்று மூன்று வருடம் ஓடிவிடும். மூன்றாவது, போலிகள். எழுபத்தைந்தாயிரம் வாங்கிக்கொண்டு "படத்தில் வாய்ப்பு நிச்சயம்" என்று சொல்லும் ஒரு நடிப்புப் பள்ளியில் நானே இருபத்திரண்டு வயதில் சேர்ந்தேன். வாய்ப்பு என்றால் ஒரு கல்யாண மண்டபக் காட்சியில் நாலாவது வரிசையில் சாப்பிட்டதுதான். சோறு நன்றாக இருந்தது. வாய்ப்பு நிச்சயம் என்று எந்த நல்ல பள்ளியும் சொல்லாது, சொன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

2. டெல்லி தேசிய நாடகப் பள்ளி, பூனா திரைப்படக் கல்லூரி

காசு இல்லை, ஆனால் தீவிரம் இருக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் என்.எஸ்.டி. எனப்படும் இந்தத் தேசிய நாடகப் பள்ளி. 1959-ல் சங்கீத நாடக அகாதெமியின் கீழ் ஆரம்பித்து 1975-ல் தனி அமைப்பானது. மூன்று வருடம், அரசுப் பள்ளி, மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். நாடு முழுவதுக்கும் முப்பது சொச்சம் இடம்தான். பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும், நாடகங்களில் பங்கேற்ற அனுபவம் காட்ட வேண்டும், இந்தி ஆங்கிலம் புழக்கத்துக்காவது தெரிந்திருக்க வேண்டும், வயது வரம்பும் உண்டு.

லண்டன் லண்டன் என்று துடிப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அந்தப் பள்ளியை 1962 முதல் 1977 வரை நடத்தி உருவாக்கிய இப்ராஹிம் அல்காசி லண்டனின் ராடா நாடகப் பள்ளியில் படித்தவர். அவர் அங்கே கற்ற ஒழுங்கு, மேடை வடிவமைப்பு, நேரத்துக்கு வரும் கண்டிப்பு எல்லாம்தான் டெல்லியில் பாடத்திட்டமானது. நசீருதீன் ஷாவும் ஓம் புரியும் அவரிடம் படித்துவிட்டு, கேமராவுக்காகப் பூனா போய் மறுபடி படித்தார்கள். இரண்டு பள்ளி, இரண்டு விதமான நடிப்பு. மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரலைக் கேமராவுக்கு முன்னால் காட்டினால் மானிட்டரில் பார்க்கிற இயக்குநர் முகத்தைச் சுளிப்பார். பூனாவில் நடிப்புக்கு இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. அங்கே சேருவதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபம், பக்கத்து அறையில் இயக்கமும் ஒளிப்பதிவும் படிக்கிறவர்கள்தான். அவர்களின் பட்டயப் படங்களில் நடித்தாலே ஒரு ரீல், அதாவது வாய்ப்புக் கேட்கும்போது காட்ட நடித்த காட்சிகளின் தொகுப்பு, தேறிவிடும்.

இர்ஃபான் கான் விஷயத்தை நான் அடிக்கடி சொல்வேன். 1984-ல் என்.எஸ்.டி.யில் சேர்ந்தவர். சீரியல் சீரியலாக நடித்து, 2001-ல் ஒரு பிரிட்டிஷ் படம் வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் ஹாலிவுட் வரை போனார். சர்வதேச நடிகர் என்று சொல்ல இந்தியாவில் அவரைவிட ஆள் இல்லை, அவர் படித்தது டெல்லி மண்டி ஹவுஸ் பக்கத்தில் இருக்கும் இதே என்.எஸ்.டி.யில். நடுவில் போன பதினேழு வருடத்தையும் கணக்கில் வையுங்கள்.

மறைந்திருக்கும் செலவு இந்தி. தமிழ்வழியில் படித்துவிட்டுப் போகிறவர் முதல் வருடம் முழுக்க உச்சரிப்போடு மல்லுக்கட்டுவார், நல்ல வேடம் இந்தி தாய்மொழிக்காரருக்குப் போகும். முடித்ததும் வகுப்பே மூட்டை கட்டிக்கொண்டு மும்பை போகும், நீங்களும் போவீர்கள், இங்கே உங்களைத் தெரிந்த உதவி இயக்குநர்கள் எல்லாம் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். திரும்பி வந்தவர்களும் உண்டு, சே. ராமானுஜம் அங்கே படித்துவிட்டு வந்து தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லிக்கொடுத்து ஒரு தலைமுறையையே வளர்த்தார். டெல்லி தூரம் என்றால் பெங்களூரில் அதே பள்ளியின் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது, தென்னிந்தியர்கள் ஏனோ இதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

3. சிங்கப்பூர், பிரான்ஸ்: உடம்பை வைத்துப் படிக்கும் பள்ளிகள்

மொழிச் சிக்கலைக் கொஞ்சம் சுற்றிப்போக ஒரு வழி இது. வசனத்தை மையமாக வைக்காமல் உடம்பை மையமாக வைக்கும் பள்ளிகள்.

சிங்கப்பூரில் குவோ பாவ் குன், தி. சசிதரன் இருவரும் 2000-ல் ஆரம்பித்த பள்ளி, இப்போது இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிட்யூட் என்ற பெயரில் அறியப்படுவது. ஜப்பானிய நோ, பெய்ஜிங் ஆபரா, இந்தோனேசிய வயாங் வோங், கேரளத்தின் கூடியாட்டம் ஆகிய நான்கு மரபுக் கலைகளைக் குருக்களிடமே படித்து, அதோடு இன்றைய நடிப்பையும் சேர்க்கும் மூன்றாண்டுத் திட்டம். குவோ 1988-ல் மேடையேற்றிய, பூனையைத் தேடும் ஒரு தாயைப் பற்றிய நாடகத்தில் சீனக் கிளைமொழிகளோடு மலாய், ஆங்கிலம், தமிழும் ஒரே மேடையில் பேசப்பட்டன; ஒரு மொழி தெரியாத ஆளோடு நடிப்பது எப்படி என்ற கேள்வி அந்த ஊரில் அப்போதே இருந்தது. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாடு என்பதால் தமிழ் நாடகக் குழுக்களும் வசந்தம் தொலைக்காட்சியும் இருக்கின்றன. ஆனால் படிப்பு முடிந்ததும் வேலை அனுமதி தானாக வராது, யாராவது உங்களை எடுத்து அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்லா ஆண்டும் புதிய சேர்க்கை இருக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள், முதலில் எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த நான்கில் ஒன்றான கூடியாட்டத்துக்கு நீங்கள் விமானம் ஏற வேண்டியதில்லை. இரவு ரயிலில் திருச்சூர் போய் அங்கிருந்து பேருந்தில் இரிஞ்ஞாலக்குடா போனால், ஜி. வேணுவின் நடனகைரளி. நடிகர்களுக்கென்றே நவரச சாதனா என்ற பட்டறை நடத்துகிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் தேடி வருகிறார்கள்.

பிரான்சில் ஜாக் லெக்காக் பள்ளி. லெக்காக் 1956-ல் பாரிசில் தொடங்கியது, அவர் 1999-ல் இறந்த பிறகும் நடக்கிறது. முகபாவமே இல்லாத நடுநிலை முகமூடியில் ஆரம்பித்து கோமாளியில் முடியும் இரண்டு வருடம். முதல் வருடம் முடிந்ததும் வகுப்பில் ஒரு பகுதியினரை மட்டும்தான் இரண்டாம் வருடத்துக்கு எடுப்பார்கள். அதாவது பாதிப் பணம் செலவழித்துவிட்டுப் பாதியில் திரும்பும் வாய்ப்பு இருக்கிறது, இதைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் அதிகம். பிரெஞ்சும் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே போய் நன்றாக வந்தவர் மலையாள நடிகை கனி குஸ்ருதி. ஆனால் அவர் வரிசையைப் பாருங்கள்: திருவனந்தபுரத்தில் மேடை, திருச்சூர் நாடகப் பள்ளி, அதற்கப்புறம்தான் லெக்காக். திரும்பி வந்து வருடக்கணக்கில் சின்னச் சின்ன வேடம், நாடகம். 2024-ல் அவர் நடித்த படம் கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கியபோது திடீரென்று வந்தவர்போல எழுதினார்கள். அந்தப் படத்தின் இயக்குநர் பாயல் கபாடியா பூனாவில் படித்தவர் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

4. லண்டன், அமெரிக்கா

எல்லாருக்கும் ஆசை இதில்தான், பணம் போவதும் இதில்தான், ஆகவே கொஞ்சம் விலாவாரியாகவே பார்ப்போம்.

ராடா 1904-ல் தொடங்கியது. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு இருபத்தெட்டு பேர்தான், உலகம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள், பல சுற்றுத் தேர்வு. லண்டனின் இன்னொரு பள்ளியான லாம்டா அதைவிடப் பழையது, 1861. பயிற்சி உயர்தரம், சந்தேகமே இல்லை. குரல், மூச்சு, ஷேக்ஸ்பியர் செய்யுளைப் பேச்சுபோலப் பேசுவது, சண்டை, தினமும் எட்டு மணிநேரத்துக்குக் குறையாமல் உடம்பு வேலை. கடைசி வருடம், நடிகர்களுக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜென்ட்டுகள் வந்து பார்க்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு, அதற்காகத்தான் பாதிப் பேர் சேருகிறார்கள்.

இப்போது காசு. வெளிநாட்டு மாணவருக்கு இந்த வகைப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 20,000 பவுண்டைத் தாண்டிவிடும். பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் 23 லட்சம். லண்டனில் மாதம் 1,500 பவுண்டு என்று சிக்கனமாகக் கணக்குப் போட்டாலும் வருடத்துக்கு இன்னொரு 20 லட்சம். ஓராண்டு முதுகலைக்கு 44 லட்சம் வரை, மூன்றாண்டு என்றால் ஒன்றேகால் கோடிக்கு மேல். இதுபோக விசாக் கட்டணம், ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதார வரி, வங்கியில் ஒன்பது மாதச் செலவுப் பணத்தைத் தொடர்ந்து 28 நாள் வைத்துக் காட்டும் வேலை. கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பெரும்பாலும் சொத்தை அடமானம் கேட்கும். 40 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்து வருடம்: மாதத் தவணை சுமார் 53,000 ரூபாய். துணை நடிகராகப் பேட்டாவும் சம்பளமுமாக மாதத்துக்கு ஐந்து நாள் வேலை கிடைப்பதே அதிர்ஷ்டம் என்ற தொழிலில், ஒன்றாம் தேதியானால் 53,000. நடிகனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை, ஏனென்றால் வரும் எந்த வேலையையும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை போய்விடும்.

அடுத்தது அனுமதி. பிரிட்டன் மாணவர் விசாவில் பள்ளி நாட்களில் வாரம் 20 மணிநேரம் வேலை செய்யலாம். ஆனால் எந்த வேலை? ஹோட்டலில் தட்டுக் கழுவலாம், கடையில் நிற்கலாம், கேளிக்கைக் கலைஞராகச் சம்பாதிக்கக் கூடாது, சுயதொழிலும் கூடாது. நடிப்புப் படிக்கப் போனவர் நடித்துச் சம்பாதிக்க முடியாது! பட்டம் வாங்கிய பிறகு கிராஜுவேட் விசா, இதுவரை இரண்டு வருடம், அதையும் 18 மாதமாகக் குறைக்கும் மாற்றம் அறிவித்துவிட்டார்கள். ஒரு நடிகர் அந்த ஊரில் ஏஜென்ட் பிடித்து, தேர்வுகளுக்குப் போய், முகம் பதிய ஆகும் காலம் அதைவிட அதிகம். ஏஜென்ட் கேட்கும் முதல் கேள்வியே "இங்கே வேலை செய்ய அனுமதி எத்தனை நாள்?" என்பதுதான்.

மூன்றாவது சிக்கல் எந்த விண்ணப்பத்திலும் இருக்காது. ரோஷன் சேத் லாம்டாவில் படித்தவர், அருமையான நடிகர். ஆனால் அன்றைய பிரிட்டனில் இந்திய முகத்துக்குக் கிடைத்த வேடங்களைப் பார்த்து வெறுத்துப்போய், நடிப்பை விட்டுவிட்டு இந்தியா திரும்பி வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் அட்டன்பரோ 'காந்தி' படத்தில் நேருவாக நடிக்க அழைத்த பிறகுதான், 1982-ல், மறுபடி வெளியே தெரிந்தார். இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மேல். இருந்தாலும் அங்கே இந்திய வேடம் வந்தால் அங்கேயே பிறந்து வளர்ந்த, விசா தேவையில்லாத, உச்சரிப்பு பிசகாத ஆட்களோடுதான் நீங்கள் மோத வேண்டும்.

அப்படியானால் யாருமே போகக் கூடாதா? போகலாம், மூன்று விதமான ஆட்கள். ஒன்று, நடிகை கல்கி கோச்லின் மாதிரி. பாண்டிச்சேரியில் பிறந்து ஊட்டியில் பள்ளி படித்து லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில் நாடகம் படித்தவர், வாரக்கடைசியில் உணவகத்தில் பரிமாறும் வேலையும் பார்த்திருக்கிறார். பெற்றோர் பிரெஞ்சுக்காரர்கள் என்பதால் அவருக்கு அன்றைக்கு இருந்த வசதி வேறு, உங்கள் பாஸ்போர்ட் வேறு. இரண்டு, உதவித்தொகை கிடைத்தவர்கள். நடிகர் அடில் ஹுசைன் முதலில் என்.எஸ்.டி., அப்புறம் சார்லஸ் வாலஸ் அறக்கட்டளை உதவியில் லண்டன் டிராமா ஸ்டுடியோ. திரும்பி வந்து மேடையிலேயே உழன்றார், 1999-ல் ஒத்தெல்லோவை வைத்துச் செய்த நாடகத்துக்கு எடின்பரோவில் விருது கிடைத்தது, பெரிய படங்கள் வந்தது 2012-ல். இன்லாக்ஸ் அறக்கட்டளையும் 1,00,000 டாலர் வரை தருகிறது. இந்த மாதிரி இடங்கள் கேட்பது, நீங்கள் ஏற்கெனவே என்ன செய்திருக்கிறீர்கள் என்பதைத்தான். ஆக, மறுபடி ஊர் மேடைக்கே வந்து நிற்கிறோம்.

மூன்றாவது, அமெரிக்காவில் யேல், ஜூலியார்ட் மாதிரி ஒன்றில் இடம் கிடைத்தவர்கள். யேல் நாடகப் பள்ளியில் 2021 முதல் கல்விக் கட்டணமே கிடையாது, ஜூலியார்டின் முதுகலை நடிப்புக்கும் 2024 முதல் அப்படித்தான். ஒரு வகுப்புக்கு இருபது பேர்கூட எடுக்க மாட்டார்கள். கிடைத்துவிட்டால் யோசிக்காமல் போங்கள், சாப்பாட்டுக்கும் தங்கவும் மட்டும் வழி பாருங்கள். முடித்த பிறகு ஒரு வருடம் அங்கே வேலை செய்யலாம், அதற்கப்புறம் அசாதாரணத் திறமைக்கான விசா என்று ஒன்று இருக்கிறது, அது தனிப் போராட்டம்.

கோடைக்காலக் குறும்படிப்புகளைப் பற்றி ஒரு வரி: நாலு வாரம் போய்விட்டு வந்து தன்விவரத்தில் "ராடாவில் பயின்றவர்" என்று போடுகிறார்கள், எங்களுக்குத் தெரியும், சும்மா சிரித்துக்கொள்வோம். ஏற்கெனவே நடிக்கிறவர்கள் ஷேக்ஸ்பியரை ருசி பார்க்கப் போவதில் தப்பில்லை.

ஒரே பார்வையில்

| | ஊரிலேயே | டெல்லி, பூனா | சிங்கப்பூர், பிரான்ஸ் | லண்டன், அமெரிக்கா |
|---|---|---|---|---|
| மொழி | தமிழ் | இந்தி, ஆங்கிலம் | ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு, உடம்பு முக்கியம் | ஆங்கிலம் |
| செலவு | குறைவு, வாடகைதான் | குறைவு, டெல்லியில் உதவித்தொகையும் | அதிகம் | கடன் வாங்கினால் பத்து வருடச் சுமை. யேல், ஜூலியார்ட் விதிவிலக்கு |
| முடித்ததும் வேலை | தடையில்லை | தடையில்லை, ஆனால் மும்பை இழுக்கும் | யாராவது அனுமதி வாங்கித்தர வேண்டும் | ஒன்று, இரண்டு வருடம் |
| மேடையா, கேமராவா | மேடை, உடம்பு | டெல்லி மேடை, பூனா கேமரா | மேடை | மேடை, கொஞ்சம் கேமரா |
| கூடப் படித்தவர்கள் போகும் இடம் | சென்னை | மும்பை | உலகம் முழுக்கச் சிதறுவார்கள் | லண்டன், நியூயார்க் |
| பெரிய ஆபத்து | சோம்பல், போலிப் பள்ளி | தமிழ்த் தொடர்பு அறுவது | பாதியில் திரும்புவது | மாதத் தவணை |

அங்கேயே பிறந்த பிள்ளைகள்

டொராண்டோவிலிருந்தும் லண்டன் ஹாரோவிலிருந்தும் எழுதும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன கணக்கு முக்கால்வாசி பொருந்தாது. பிரிட்டனில் குடியுரிமையோடு வளர்ந்தவருக்குக் கட்டணம் மிகக் குறைவு, 2025-26-ல் ஆண்டுக்கு 9,535 பவுண்டுதான் இருந்தது, அதற்கும் அரசுக் கடன் உண்டு, சம்பளம் வந்த பிறகு கட்டினால் போதும், வேலை அனுமதிப் பிரச்சினையே இல்லை. நீங்கள் தாராளமாக அங்கேயே படியுங்கள். உங்கள் சண்டை அம்மா அப்பாவோடுதான், அதில் நான் தலையிட மாட்டேன். கனடாவின் மைத்ரேயி ராமகிருஷ்ணன் 2019-ல் 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரின் நாயகியாக, யாரும் கலந்துகொள்ளக்கூடிய நடிகர் தேர்வில் பதினைந்தாயிரம் பேரிலிருந்து எடுக்கப்பட்டபோது, பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கக் கிடைத்த இடத்தைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் நடிக்கப் போனார்.

எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு. 2015-ல் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய 'தீபன்' படத்தில் நாயகனாக நடித்த ஷோபாசக்தி எழுத்தாளர், நாயகியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து போனவர். இருவரும் அங்கே பேசியது தமிழ்.

மதுரைக்காரருக்கு நான் சொன்னது

இருபத்து மூன்று வயது, தமிழில் நடிக்க ஆசை, இரண்டு கல்லூரி நாடக அனுபவம், கையில் பணம் இல்லை. இவருக்கு லண்டன் இப்போது வேண்டாம் என்றேன். முதலில் ஆதிசக்தியோ இரிஞ்ஞாலக்குடாவோ ஒரு பட்டறை. அப்புறம் ஏதாவது ஒரு நாடகக் குழுவில் ஒரு வருடம், நாற்காலி எடுத்துப்போடுவதிலிருந்து. கூடவே என்.எஸ்.டி., பெங்களூர், பூனா மூன்றுக்கும் விண்ணப்பம். மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயதுக் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் தரும் உதவித்தொகை ஒன்று இருக்கிறது, நாடகத்துக்கும் உண்டு, அதற்கும் போடச் சொன்னேன். இருபத்தெட்டு வயதில் கையில் ஐந்து நாடகமும் ஒரு ரீலும் இருந்தால் அறக்கட்டளைக் கதவைத் தட்டலாம், அப்போது லண்டன் போவது வேறு மாதிரி இருக்கும்.

இதே கேள்வியை முப்பத்தொரு வயது ஐ.டி. ஊழியர் கேட்டால் பதில் மாறும். டெல்லி வயது வரம்பில் அடிபடும், மூன்று வருடம் விடுவதும் கஷ்டம். சேமிப்பிலிருந்து, கடன் இல்லாமல், ஓராண்டு போய்வர முடியும், திரும்பி வந்து பழைய வேலையில் சேரவும் முடியும் என்றால் அவர் லண்டன் போகட்டும், ஆசைக்காகவே போகட்டும், அதில் ஒரு தப்பும் இல்லை.

நேற்று மதுரைக்காரர் மறுபடி கூப்பிட்டார். முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று அந்தப் பள்ளிக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறார், பதில் வரவில்லை. அப்பாவிடம் பத்திரத்தைப் பீரோவிலேயே வைக்கச் சொல்லிவிட்டாராம்.